வெயிலைத் தொடர்வதும் வெயிலைச் சேமிப்பதும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாகாணத்தில், லாஸ் வேகாஸ் நகரத்துக்கு வடகிழக்கே, மழையை அபூர்வமாகவும் வெயிலை அன்றாடமாகவும் காண்கின்ற மொஹாவிப் பாலைவனத்துச் சமவெளியொன்றில், ஏறத்தாழ 5,000 ஏக்கர் பரப்பில் 18 லட்சம் சூரிய மின்தகடுகள் வரிசை வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. காலையில் அவை யாவும் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. பொழுது ஏற ஏற, கண்ணுக்குப் புலப்படாத மெதுவான கதியில் நிமிர்ந்து, உச்சிவேளையில் வானத்தை நோக்கி மல்லாந்து கிடக்கின்றன. பிறகு அதே நிதானத்தோடு மேற்கே சாய்ந்து, அஸ்தமனம் வரையில் சூரியனை விடாமல் தொடர்கின்றன. தகட்டு வரிசைகளுக்கு இடையே ஆங்காங்கே வெண்ணிறப் பெட்டிகள் நிற்கின்றன. அவற்றுள் இருப்பவை லித்தியம் பாட்டரிகள். ஜெமினி என்று பெயர் பெற்று, 2024-ஆம் ஆண்டில் முழு இயக்கத்துக்கு வந்த இந்நிலையம் 690 மெகாவாட் மின்சாரத்தை வெளியே அனுப்பவல்லது. அதன் பாட்டரிகளோ 380 மெகாவாட் வீதத்தில் ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம், அதாவது மொத்தம் 1,416 மெகாவாட் மணி அளவுக்கு, சேமித்ததைத் திருப்பித் தரக்கூடியவை.

சூரியனைத் தொடரும் தகட்டையும் சேமிக்கும் கலத்தையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: முன்னது அதிகமாக உற்பத்தி செய்கிறது, பின்னது அதை இரவுக்கு எடுத்து வைக்கிறது என்பதே அது. இவ்விளக்கத்தில் பிழையில்லை, ஆனால் விஷயத்தின் சாரம் இதில் அகப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். இவ்விரு சாதனங்களும் ஒன்றன் குணத்தால் மற்றொன்று பயனடைவது ஒரு பாதியென்றால், ஒன்று விளைவிக்கும் தோஷத்தை மற்றொன்று பரிகரிப்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கவனிக்கும்போதுதான், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தனித்தனியாகக் கைவசம் இருந்த இவ்விரு வித்தைகளும் ஏன் இவ்வளவு தாமதமாக ஒன்று சேர்ந்தன என்பதும் விளங்கும்.

சூரியனைத் தொடர வேண்டும் என்ற எண்ணம் மின்தகட்டுக்கு முந்தியது. 1870-களில் பம்பாயில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், விறகும் நிலக்கரியும் விலையேறிய உஷ்ணப் பிரதேசங்களுக்கு வெயிலே எரிபொருளாகலாம் என்று கருதி, ஒரு கொதிகலனைச் சுற்றி அரைவட்டமாகக் கண்ணாடிகளை நிறுத்தி, அவற்றை ஆள் வைத்து அவ்வப்போது நகர்த்திக்கொண்டு, நீராவியால் நீர் இறைத்துக் காட்டினார். 1913-இல் எகிப்து தேசத்தில், கெய்ரோவை அடுத்த மாதியில், பிராங்க் ஷூமன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒவ்வொன்றும் 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஐந்து வளைந்த கண்ணாடித் தொட்டிகளை வடக்கு தெற்காக அமைத்து, அவை நாள் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பும்படி செய்து, நைல் நதியின் நீரை வயலுக்கு ஏற்றினார். மறு வருஷம் மூண்ட உலக யுத்தமும், அதன் பின்னர் மலிந்த பெட்ரோலியமும் அவருடைய முயற்சியை மூடிவிட்டன. ஆயினும் அந்த வடக்கு தெற்கு அச்சை நாம் மறந்துவிடலாகாது. நூறாண்டுகளுக்கு மேலான பின்பு நெவாடாவில் நாம் காண்பதும் ஏறக்குறைய அதே அச்சுதான்.

மின்தகடுகளின் காலத்துக்கு வருவோம். 1982-இல் கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியா என்ற ஊரில் ஆர்கோ சோலார் கம்பெனி ஒரு மெகாவாட் நிலையத்தை எழுப்பியது. அங்கே 108 கம்பங்களின்மேல் தகடுகள் பொருத்தப்பட்டு, கிழக்கு மேற்காக மட்டுமின்றி மேலும் கீழுமாகவும், ஆக இரண்டு அச்சுகளில் சூரியனைத் தொடர்ந்தன. அதே கம்பெனி அதை அடுத்துக் கரீசோ சமவெளியில் 5 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மற்றொன்றை நிறுவி, போதாக்குறைக்குத் தகடுகளின் இருபுறமும் கண்ணாடிகளை வைத்து வெயிலைக் குவித்தது. உஷ்ணம் மிகுந்து, தகட்டுக்குள் இருந்த ஒட்டுப்பொருள் பழுப்பேறி, உற்பத்தி குன்றி, 1990-களில் அந்நிலையம் பிரித்து விற்கப்பட்டது. மற்றொரு பக்கம், 1988-இல் சீனோ என்ற ஊரில், தென் கலிபோர்னியா எடிசன் கம்பெனி ஈய அமில பாட்டரிகளைக் கொண்டு 10 மெகாவாட் வீதத்தில் நான்கு மணி நேரம் மின்சாரம் தரும் சேமிப்பு நிலையம் ஒன்றை அமைத்து, 1997 வரையில் நடத்தியது. ஹெஸ்பீரியாவும் சீனோவும் சான் பெர்னார்டினோ என்ற ஒரே மாவட்டத்தில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவை. இரண்டும் ஒரே எடிசன் கம்பெனியின் மின்பாதையோடு இணைந்தவை. இருந்தும் இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் எவருக்கும் அன்று தோன்றவில்லை. விலை ஒரு காரணம் என்பது மெய்யே. ஆனால் அதனினும் பெரிய காரணம், அக்காலத்து மின்தொகுப்பில் சூரியனின் பங்கு கடலில் பெய்த மழையாக இருந்தது என்பது. சூரியன் மறைவதால் எந்த விளக்கும் அணையாத காலத்தில், அதன் மறைவுக்கு மருந்து தேடுவார் யார்?

இனி, தொடர்வதால் உண்மையில் நேர்வது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இவ்விஷயத்தில் பலரும் ஆண்டு மொத்தத்தை மட்டுமே கணக்கிட்டு, நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை உற்பத்தி கூடுகிறது என்று சொல்லித் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஜெமினி நிலையம் இருப்பது ஏறத்தாழ 36 பாகை வட அட்சத்தில். இரவும் பகலும் சமமாயிருக்கும் ஒரு மார்ச் மாதத்து நாளில், அவ்விடத்தில் இரண்டு தகடுகளை வைத்துக்கொள்வோம். ஒன்று, தெற்கு நோக்கி 36 பாகை சாய்த்து அசையாமல் பொருத்தப்பட்டது. மற்றொன்று, வடக்கு தெற்காகத் தரைக்கு இணையாகக் கிடக்கும் அச்சின்மேல் கிழக்கும் மேற்குமாகத் திரும்பக்கூடியது. உச்சிப்பொழுதில் அசையாத தகட்டின்மேல் கிரணங்கள் நேர் செங்குத்தாக விழுகின்றன. அதற்கு நூற்றுக்கு நூறு கிடைக்கிறது. திரும்பும் தகடோ அவ்வேளையில் மல்லாந்து கிடப்பதால், சூரியன் 36 பாகை தெற்கே விலகி நிற்க, அதற்குக் கிடைப்பது 81 பங்குதான். ஆகவே நண்பகலில் தோற்பது தொடர்கின்ற தகடே! ஆனால் பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், சூரியக் கணக்குப்படி மாலை நான்கு மணிக்கு அசையாத தகட்டின்மேல் வெயில் 60 பாகை சரிந்து விழுந்து, கிடைக்கக்கூடியதில் பாதியை மட்டுமே கொடுக்கிறது. மேற்கே சாய்ந்து நிற்கும் மற்றதற்கோ 95 பங்கு கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கும் இதே கணக்கு. ஆக, இவ்வகைத் தொடரும் அமைப்பு நாளின் நடுப்பகுதியைச் சற்றுத் தாழ்த்தி, இரு ஓரங்களையும் வெகுவாக உயர்த்துகிறது. குன்றுபோல் எழுந்து சரியும் உற்பத்தி வடிவம் மேட்டுநிலம் போல் ஆகிவிடுகிறது. மின்சாரத்தின் மதிப்பு நாள் முழுவதும் ஒன்றாயிருந்தால் இது அத்தனை முக்கியமல்ல. மாலைவேளை யூனிட்டுக்கு மத்தியான யூனிட்டைவிட மதிப்பு மிகுந்த இடத்தில், வடிவ மாற்றம் மொத்தக் கூடுதலைக் காட்டிலும் பெரிய லாபமாகிறது.

இரண்டு அச்சிலும் திரும்பினால் நண்பகல் நஷ்டமும் இல்லையே என்று கேட்கலாம். ஹெஸ்பீரியாவில் செய்தது அதுதான். கம்பத்துக்குக் கம்பம் தனி அஸ்திவாரமும், இரட்டை மோட்டாரும், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் எத்திசையிலும் விழாத அளவுக்கு இடைவெளியும் வேண்டியிருந்தமையால், ஒற்றை அச்சில் நீண்ட எஃகுக் குழாயின்மேல் பல தகடுகளை ஒரே மோட்டாரால் திருப்பும் முறையே காலக்கிரமத்தில் நிலைபெற்றது. கரீசோ சமவெளிக்கே 2013-இல் ஒற்றை அச்சு முறையில் 250 மெகாவாட் நிலையமொன்று திரும்பி வந்தது. இம்முறையிலும் ஒரு சாதுரியம் உண்டு. காலை மாலைகளில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, வரிசைகள் அதை நேராக நோக்கினால் ஒன்றன் நிழல் அடுத்ததன்மேல் விழும். ஆதலால் அவ்வேளைகளில் அவை வேண்டுமென்றே சற்றுப் பின்வாங்கி, சூரியனை முழுதும் நோக்காமல், நிழல் மட்டும் படாதபடி சாய்வைக் குறைத்துக்கொள்கின்றன. மேகம் மூடிய நாளிலோ ஒளி வானம் முழுவதிலிருந்தும் பரவி வருவதால், எதையும் தொடராமல் மல்லாந்து கிடப்பதே மேல். அதையும் இன்றைய யந்திரங்கள் தாமே செய்துகொள்கின்றன.

மேற்சொன்ன மேட்டுநிலத்தின் விளிம்பில்தான் தோஷம் இருக்கிறது. அசையாத தகடுகளின் உற்பத்தி பிற்பகல் முழுதும் படிப்படியாகச் சரிவதால், வேறு நிலையங்கள் மெல்ல மெல்ல அந்த இடத்தை நிரப்பிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. தொடரும் தகடுகளோ மாலை வரை நிறையக் கொடுத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ யாவற்றையும் நிறுத்திவிடுகின்றன, சரிவு செங்குத்தாகிறது. இப்படிப்பட்ட ஒரு நிலையத்தால் கேடில்லை. ஒரு தேசமே இப்படிச் செய்தால் அஸ்தமன வேளையில் மின்தொகுப்பை நடத்துகிறவர்களின் நிலை தர்மசங்கடமாகிவிடும். கலிபோர்னியாவின் மின்தொகுப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட, சூரிய மின்சாரம் முதலியன போக எஞ்சும் தேவையைக் காட்டும் ஒரு வரைபடம், பகலில் பள்ளமாகி மாலையில் கழுத்தைப்போல் நிமிரும் கோட்டினால் வாத்து வளைவு என்று பெயர் பெற்று, வரப்போவதை முன்னதாகவே காட்டியது. ஏழாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில், மேற்குப் பிரதேசம் முழுவதும் அனல் வீசிக்கொண்டிருந்தபோது, மாலை ஆறரை மணியளவில், வெயிலின் உஷ்ணம் தணியாமல் வெயிலின் மின்சாரம் மட்டும் மறையத் தொடங்கிய அந்த வேளையில், அம்மாகாணம் 2001-க்குப் பிறகு முதன்முறையாகப் பகுதி பகுதியாக மின்வெட்டுச் செய்ய நேர்ந்தது. அன்றைய குறைபாட்டுக்குத் திட்டமிடுதலில் இருந்த பிழைகளும் காரணம். பழியைத் தகடுகளின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் பாட்டரிகளின் பெருக்கத்துக்கு அந்த இரண்டு மாலைகளும் பெரிய தூண்டுதலாயின. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கலிபோர்னியாவின் பாட்டரிகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்தது. அதே மாதம் 16-ஆம் தேதி மாலை, சற்று நேரத்துக்கு, அம்மாகாணத்தின் வேறெந்த மின்மூலத்தைவிடவும் அதிகமாக, 6,000 மெகாவாட்டுக்கு மேல், பாட்டரிகளே கொடுத்தன.

பாட்டரிக்குச் செங்குத்துச் சரிவு ஒரு பொருட்டன்று. நிலக்கரிக் கொதிகலன் சூடேற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டரியோ ஒரு நொடிக்குள் சும்மா இருந்த நிலையிலிருந்து முழுத்திறனுக்கு வந்துவிடும். ஆகவே டிராக்கர் எனப்படும் இத்தொடரும் அமைப்பு உண்டாக்குகிற செங்குத்துச் சரிவைப் பாட்டரி சிரமமின்றி ஏற்றுக்கொள்கிறது. பதிலுக்கு டிராக்கர் பாட்டரிக்குச் செய்யும் உபகாரமும் அற்பமானதல்ல. அசையாத தகடுகளோடு சேர்ந்த பாட்டரி பிற்பகல் மூன்று நான்கு மணிக்கே வேலையைத் தொடங்கவேண்டியிருக்கும். தொடரும் தகடுகளோடு சேர்ந்ததோ ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்துத் தொடங்கலாம். மூன்றே முக்கால் மணி நேரமே தாக்குப்பிடிக்கும் கலத்துக்கு ஒன்றரை மணி நேர அவகாசம் எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும், கலத்துக்குள் போட்டு எடுக்கும் ஒவ்வொரு ஏழு யூனிட்டிலும் ஏறத்தாழ ஒரு யூனிட் உஷ்ணமாகவும் குளிர்சாதனச் செலவாகவும் கழிந்துவிடுகிறது. நேரே வெயிலிலிருந்து மாலையில் அனுப்பப்படும் யூனிட்டுக்கு இந்தத் தேய்மானம் இல்லை.

ஜெமினியில் இவ்விரண்டையும் பிணைத்திருக்கும் முறையில் மற்றொரு நயமும் இருக்கிறது. தகடுகள் தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்; பாட்டரி ஏற்பதும் அதுவே. ஊருக்கு அனுப்ப வேண்டுமானால்தான் இன்வெர்ட்டர் வழியாக அதை மாறுதிசை மின்சாரமாக்க வேண்டும். பல நிலையங்களில் தகடுகளுக்கு ஓர் இன்வெர்ட்டரும் பாட்டரிக்கு ஓர் இன்வெர்ட்டருமாக வைத்து, மின்சாரத்தை ஒருமுறை மாற்றி, மறுபடி திருப்பி, மூன்றாம் முறை மாற்றுகிறார்கள். ஜெமினியில் பாட்டரி இன்வெர்ட்டருக்கு முன்பாகவே, தகடுகளின் பக்கத்திலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. இதன் பிரயோஜனத்தை அறிய இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: தகடுகளின் மொத்தத் திறன் 966 மெகாவாட், வெளிவாசலின் திறன் 690 மெகாவாட். தகட்டின் திறன் 25 பாகை செல்ஸியஸ் உஷ்ணத்தில் அளக்கப்படுவது. பாலைவன வெயிலில் தகடு 65 பாகைக்குக் கொதிக்கும்போது நூற்றுக்குப் பதினான்கு பங்கு போலக் குறையும். அப்படியும் 830 மெகாவாட் எஞ்சுகிறது. வெளியே போகக்கூடியது போக, 140 மெகாவாட் உபரி. சாதாரண நிலையத்தில் இந்த உபரி உற்பத்தியாகாமலே வீணாகும். அசையாத தகடானால் உச்சிவேளையின் இரண்டொரு மணி நேரத்துக்கே இப்பிரச்னை; தொடரும் தகடு மேட்டுநிலமாக நாள் முழுவதும் உயர்ந்து நிற்பதால், வீணாவதும் நாள் முழுவதும் நீடிக்கும். அதாவது டிராக்கர் எவ்வளவு நன்றாக உழைக்கிறதோ அவ்வளவுக்கு வாசலில் நெரிசல். வாசலுக்கு முன்பே பாட்டரி இருந்தால், கோடைநாளின் ஏழு மணி நேர உபரியை, தோராயக் கணக்குப்படி 1,000 மெகாவாட் மணியை, அது வாங்கிக்கொள்ளும். கலம் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய, வேறெதற்கும் பயன்படாத மின்சாரத்தாலேயே நிரம்பிவிடுகிறது. கரைக்கு மேல் வழியும் வெள்ளத்தைப் பிடித்து, ஆறு வற்றியபின் மதகு திறக்கும் கண்மாயின் நியாயம் இது. இரவில் சும்மா கிடக்கவேண்டிய இன்வெர்ட்டருக்கும் வேலை கிடைக்கிறது. குறை ஒன்றுண்டு: வாசல் ஒன்றேயாதலால், பிற்பகலில் தகடுகளே அதை நிறைத்துக்கொண்டிருக்கும்போது, அவசரம் வந்தாலும் பாட்டரியால் கூடுதலாக எதையும் வெளியே தள்ள முடியாது.

ஈய அமிலத்தின் இடத்தை லித்தியம் பிடித்த வரலாறு விரிவாகச் சொல்லப்பட்ட ஒன்று. இங்கே சுருக்கமே போதும். 1991-இல் சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனிக் கலம் கைச்சாதனங்களுக்கென்றே பிறந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த நேர்முனையை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட பின்னரே, விலையுயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாத, எளிதில் தீப்பற்றாத, ஆயிரக்கணக்கான முறை நிரப்பி இறக்கக்கூடிய கலத்துக்கு வழி பிறந்தது. அந்த வகை முனைகளுக்கு 1980-களிலேயே குடினஃபோடு சேர்ந்து அடிப்படை அமைத்தவர், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் தமது 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்ற குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. இரும்பு பாஸ்பேட் அல்லாத பழைய வகைக் கலங்கள் அடங்கிய கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் சேமிப்பு நிலையம் 2025 ஜனவரி 16-இல் தீப்பற்றி எரிந்து, சுற்றுவட்டார மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததைக் கண்டபின், எந்த ரசாயனம் என்ற கேள்வியை விலைக் கணக்கோடு மட்டும் நிறுத்துவது விவேகமாகாது.

டிராக்கருக்கு எதிரான வாதங்களில் வலுவானது, அசையும் உறுப்பு பழுதாகும் என்பதன்று. எஃகுக் குழாயும் மெதுவான மோட்டாரும் அவ்வளவு நொய்ந்தவை அல்ல. காற்றுதான் அதன் சத்துரு. நீண்ட வரிசை காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினால் தகடுகள் பிய்ந்து போகும். ஆதலால் காற்று மிஞ்சும்போது பத்திரமான சாய்வுக்குத் திரும்பிவிட வேண்டும். ஆலங்கட்டி மழையில் அதே அசைவு ரட்சையாகிறது. 2019 மே மாதத்தில் மேற்கு டெக்ஸாஸின் மிட்வே நிலையத்தில் ஆலங்கட்டிகள் லட்சக்கணக்கான தகடுகளை நொறுக்கிய பிறகு, புயல் வருமுன் தகடுகளைச் செங்குத்தாக நிமிர்த்திக் கல்லுக்கு முகம் கொடாமல் ஓரம் கொடுப்பது வழக்கமாகி வருகிறது. அந்த நேரத்தில் மின்பாதை அறுந்திருந்தால் தகட்டைத் திருப்ப மின்சாரம் எங்கே? வரிசைக்கு வரிசை ஒரு சிறிய தகடும் சிறிய பாட்டரியும் வைத்து மோட்டாரை ஓட்டும் முறை பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மகா யந்திரத்தின் தத்துவம் இங்கே கைப்பெட்டி அளவில் மறுபடியும் அமைந்திருக்கிறது.

வலுவான வாதம் விலையைப் பற்றியது. தகட்டின் விலை வீழ்ந்துகொண்டே வரும்போது, அதைத் திருப்பும் எஃகுக்குச் செலவிடும் பணத்தில் இன்னும் சில தகடுகளை வாங்கிப் பரப்பிவிடலாமே, பாட்டரியும் மலிந்தால் மாலை வெயிலைத் துரத்துவானேன் என்கிறார்கள். நிலம் நெருக்கடியாகவோ, மேடுபள்ளமாகவோ, வானம் பெரும்பாலும் மேகமாகவோ இருக்கும் இடங்களில் இதற்கு எதிர்வாதம் இல்லை. வீட்டு மொட்டைமாடியில் டிராக்கர் வைக்க நினைப்பவருக்கும் இதையே சொல்லலாம். காற்றின் பாரத்தைத் தாங்கக் கட்டடத்துக்கு வலு வேண்டும், பக்கத்து வீட்டு நிழலோ எந்தத் திசையில் திரும்பினாலும் நிழல்தான். ஆனால் அகன்ற சமநிலமும் நேர் வெயிலும் உள்ள இடத்தில், வெளிவாசலின் அளவு நிர்ணயமாகிவிட்ட நிலையத்தில், அந்த வாசலை நாளில் எத்தனை மணி நேரம் நிறைத்து வைக்க முடிகிறது என்பதே லாபத்தைத் தீர்மானிக்கிறது; அங்கே டிராக்கரும் பாட்டரியும் போட்டியாளர்கள் ஆவதில்லை.

பூமத்தியரேகையை நெருங்க நெருங்க இவ்வாதத்தின் பலம் கூடுகிறது. 2016-இல் 648 மெகாவாட் திறனோடு, பாட்டரியில்லாமல் தொடங்கப்பட்ட, தமிழ்நாட்டிலுள்ள நம் கமுதி சூரிய மின்நிலையம் ஏறத்தாழ ஒன்பதரை பாகை அட்சத்தில் இருக்கிறது. மேலே சொன்ன மார்ச் மாதத்துக் கணக்கை அங்கே போட்டுப் பார்த்தால், மல்லாந்து கிடக்கும் தகட்டுக்கு நண்பகலில் 81 அல்ல, 98 பங்குக்கு மேல் கிடைக்கும். ஜூன் மாதத்தில் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுவதால், தெற்கு நோக்கி நிலைத்திருக்கும் தகடே நஷ்டப்படும். ஒற்றை அச்சுத் தொடர்வு, நெவாடாவைவிட நம் அட்சத்துக்கே அதிகம் பொருந்துகிற வித்தை.

நெவாடாவில் அது பொருந்தாத காலம் டிசம்பர். அப்போது நண்பகல் சூரியன் தெற்கே தாழ்ந்து, அடிவானத்திலிருந்து முப்பது பாகை உயரத்திலேயே நிற்பதால், மல்லாந்த தகட்டுக்கு நேர் கிரணத்தில் பாதிதான் கிடைக்கிறது. தெற்கே சாய்த்துப் பொருத்திய பழைய தகடோ 90 பங்குக்கு மேல் பெறுகிறது. கோடை மாலைக்காகச் செய்த ஏற்பாடு குளிர்காலத்தில் கையை விரிக்கிறது. பாட்டரியாலும் இங்கே உதவ இயலாது. மத்தியானத்தை மாலைக்குக் கொண்டுபோகத் தெரிந்த அதற்கு, ஜூலையை ஜனவரிக்குக் கொண்டுபோகும் சக்தி கிடையாது. லாஸ் வேகாஸின் மின்தேவை கோடையின் குளிர்சாதனங்களால் உச்சமடைவது என்பதால் அங்கே இக்குறை பொறுக்கக்கூடியதாயிருக்கிறது; அவ்வளவும் சேர்த்துப் பார்த்தாலும், அம்மாகாணத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் இயற்கை வாயுவை எரித்தே வருகிறது.